போர்டில் ஒரு சுற்றுவழி

எங்கள் உளவியல் ஆலோசனை கிளினிக்குக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது முதலில் ஒதுக்கியது 'மன' என்று தொடங்கும் பெயர்களை. தப்பான பெயர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆலோசனைக்கு வருகிறவரோடு அந்தப் பெயர் வீடுவரை போகும். அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டலில் வரும், பணம் கட்டியதும் வரும் வங்கிச் செய்தியில் வரும், போன் அடித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும். 'யாரது?' என்று கேட்டால் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. பெயர் முந்திக்கொண்டு போட்டுக்கொடுத்துவிடக் கூடாது. 'விடியல்', 'புதுவாழ்வு' வகையறாவையும் விட்டோம். விடியும் என்று போர்டில் எழுதி வைக்க எந்த சைக்காலஜிஸ்ட்டுக்கும் துணிச்சல் வரக் கூடாது. கடைசியில் 'தடம்' என்று முடிவானது.

லோகோதான் இழுத்தடித்தது. டிசைனர் முதலில் கொண்டுவந்தது 'சை', கிரேக்க நெடுங்கணக்கின் 23ஆவது எழுத்து. உளவியல் துறைகளின் முத்திரைகளில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது குலச்சின்னம், மற்றவர்களுக்குச் சூலாயுதம். "ஏதாவது கோயில் டிரஸ்ட்டா மேடம்?" என்று அச்சகத்தில் கேட்டேவிட்டார்கள். அடுத்து வந்தது தலைக்குள் பல்சக்கரம். ஆளை ரிப்பேருக்கு விடச் சொல்வதுபோல் இருந்ததால் வேண்டாம் என்றோம். மைக்கறைப் படம் போடலாமே என்றார். மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்கும் சோதனைக்காக சுவிஸ் மனநல மருத்துவர் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட 10 அட்டைகளும் இன்றும் புழக்கத்தில் உள்ளவை; முன்னமே பார்த்துப் பழகியவரிடம் அந்தச் சோதனையின் முடிவு பிசகக்கூடும். அதன் சாயலைக்கூட வாசலில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

லாபிரிந்த் என் யோசனை. பார்த்தால் புதிர்ப்பாதை போலத் தெரியும், ஆனால் அதில் முட்டுச்சந்து கிடையாது. ஒரே தடம்தான், நடந்துகொண்டே இருந்தால் மையத்துக்குப் போய்விடலாம். பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்தது 11 சுற்றுகள் கொண்டது, குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர். அதில் எனக்குப் பிடித்த குசும்பு ஒன்று உண்டு. மையத்தை ஒட்டியே கூட்டிப்போகும். வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெளி விளிம்புக்குத் தள்ளிவிடும். தெரபியில் இது வாராவாரம் நடப்பது. நான்கைந்து செஷனில் தூக்கம் சீராகும், முகம் தெளியும். பிறகு ஒருநாள் வந்து, "எல்லாம் வீண், பழையபடி ஆயிட்டேன்" என்பார்கள். அப்போது விசிட்டிங் கார்டைத் திருப்பி, "இப்ப எங்க இருக்கீங்கன்னு காட்டுங்க" என்பேன். விரல் பெரும்பாலும் வெளிச்சுற்றில் போய் நிற்கும். அங்கிருந்து பின்னோக்கித் தேய்த்துப் பார்த்தால், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும்.

கூட இருக்கும் இளைய சகா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, இதைப் பார்த்தா எனக்கு அபிமன்யுதான் ஞாபகம் வர்றான். உள்ள போகத் தெரிஞ்சவனுக்கு வெளிய வரத் தெரியலையே?"

சரியான கேள்வி. வருகிறவர்களின் பெரிய பயமே அதுதான்: கிளறிவிட்டு அம்போ என்று விட்டுவிடுவார்களோ? லாபிரிந்தில் போன வழிதான் திரும்பும் வழி என்று பதில் சொன்னேன். சொன்னபிறகுதான் உறைத்தது, படத்தில் அது தெரியவே இல்லை. டிசைனர் நுழைவை மயிரிழையாக வரைந்திருந்தார். அகலமாக்கச் சொன்னோம். செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் திறப்பதில்லை என்பது நாங்கள் இருவருமே கடைப்பிடிக்கும் முறை. சாயங்காலம் என்ன வேலை, எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று பேசிப் பேசி வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த அகலமான இடைவெளி அதற்காக.

11 சுற்றுகளும் ரப்பர் ஸ்டாம்ப்பில் மொத்தையாக அப்பிக்கொண்டன. அதனால் கிரீட் தீவின் பழைய நாணயங்களில் இருக்கும் 7 சுற்று வடிவத்துக்கு மாறினோம். இப்போது வருகிறவர்களில் சிலருக்கு அது கைரேகை, சிலருக்கு மூளை, ஒரு சிறுவனுக்கு முட்டைக்கோஸ். யாரையும் திருத்துவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறோம். வெளியே அடக்கி வாசிக்கும் பெயர், உள்ளே எங்களை மறைக்கக் கூடாது. எங்கள் படிப்பு, பதிவு எண், என்ன செய்வோம், எதற்கு மனநல மருத்துவரிடம் அனுப்புவோம், எல்லாம் வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பலகையில் லோகோ கிடையாது.