முதலில் 12 டிகிரியைத் தேடுங்கள்

வட அமெரிக்காவின் மிச்சிகன், ஒன்டாரியோ மாதிரி கடல்போல் விரிந்த ஏரிகளில் கோடையில் சால்மன் பிடிக்க, மீன் தேடும் சோனாரைவிட முதலில் வேண்டியது தெர்மாமீட்டர். மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிட்டால், கொஞ்ச ஆழத்தில் வெப்பம் சடசடவென இறங்கும் ஓர் அடுக்கு உருவாகும். சினூக் சால்மன் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரித் தண்ணீரில் திரியும். லேக் டிரவுட் மீனுக்கு இன்னும் குளிர்ச்சி வேண்டும். பல நேரம் தரையை ஒட்டியே கிடக்கும். ஸ்டீல்ஹெட் மீன் இவற்றுக்கு மேலே.

இந்த அடுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். கரையிலிருந்து ஏரிப்பக்கம் பலத்த காற்று தொடர்ந்து அடித்தால் சூடான மேல்தண்ணீர் உள்ளே ஒதுங்கிப் போகும்; குளிர்ந்த அடித்தண்ணீர் கரையோரம் மேலேறிவிடும். நேற்று 25 மீட்டரில் இருந்த 12 டிகிரி இன்று 10 மீட்டரிலேயே கிடைக்கலாம். அதனால் தினமும் அளந்துதான் ஆகவேண்டும்.

குண்டு கட்டிய கம்பியால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவியான டவுன்ரிக்கரின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது காட்டுவது வெளியே விட்ட கம்பியின் நீளம். 5 கிலோ குண்டு போட்டாலும் படகு இழுக்கும்போது கம்பி பின்னால் சாயும். 30 டிகிரி சாய்ந்தால், 30 மீட்டர் கம்பிக்குக் குண்டு 26 மீட்டரில்தான் நிற்கும். மீன் நிற்கும் அடுக்கைத் தவறவிட அந்த 4 மீட்டர் போதும்.

வேகத்திலும் இதே ஏமாற்று உண்டு. ஜிபிஎஸ் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று காட்டும். அடியில் எதிர்நீரோட்டம் இருந்தால் ஸ்பூன் (மீனை ஈர்க்கும் உலோகத் தகடு) வெறிபிடித்ததுபோல் சுழலும், அதே திசை நீரோட்டமென்றால் செத்துத் தொங்கும். வடக்கே போகையில் மட்டும் மீன் கடிக்கிறதா? அப்போது கம்பி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, தெற்கே திரும்பியதும் அதே சாய்வு வரும்வரை வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். திருப்பத்தில் உள்பக்கத் தூண்டில் மெதுவாகித் தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும். எதில் கடிக்கிறது என்பதே அன்றைய வேகத்துக்கான பதில்.

தூண்டில் நரம்பை டவுன்ரிக்கர் கம்பியோடு பிடித்திருக்கும் கிளிப்பை இறுக்கிவிட்டால் சின்ன மீன் மாட்டினாலும் நரம்பு விடுபடாது. அரைமணி நேரம் அதை இழுத்துக்கொண்டே போவீர்கள். ராடு நுனி லேசாகத் துடிப்பதுதான் ஒரே அடையாளம். கிளிப் விடுபட்டால் வளைந்திருந்த ராடு விருட்டென்று நிமிரும், நரம்பு தொய்யும். அந்த நொடியில் வெட்டி இழுக்காமல் ரீலை வேகமாகச் சுற்றித் தொய்வை எடுங்கள்.

மீனைத் திரும்ப விடுவதென்றால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி உடனே விடுங்கள். குளிரிலிருந்து வந்த மீனுக்கு அந்தச் சூடான மேல்தண்ணீரே பெரும்பாடு.