குதிரைக்கு விடுமுறை, நமக்கு ராத்திரி டூட்டி

கூடாரம், படுக்கைப் பை, காபித்தூள் என்று கேம்பிங் போகிறவர்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கூட இரண்டு குதிரைகளும் வருகின்றன என்றால் மனிதர்களுக்கான சாமான்கள் கடைசி இரண்டு வரிக்கு இறங்கிவிடும். அதிலும் ஒன்றை மறந்துவிடுவோம். பெரும்பாலும் காபித்தூளை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன், வாஷ்டெனா ஆகிய இரண்டு கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது வாட்டர்லூ பொழுதுபோக்குப் பகுதி. 20,000 ஏக்கருக்கு மேல் காடும் ஏரியுமாக இருக்கும். மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் இதைவிடப் பெரிய பூங்கா கிடையாது. அங்கே குதிரைக்காரர்களுக்கென்றே தனி முகாம் உண்டு. மின்சாரம் இல்லை. கழிப்பறை குழிதான். தண்ணீருக்குக் கை பம்பு.

அந்தக் கை பம்பை லேசாக எண்ணிவிடக்கூடாது. 450 கிலோ குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், 8, 9 கிலோ உலர்புல் தின்னும், சுமார் 20 கிலோ லத்தி போடும். இரண்டு குதிரை, இரண்டு நாள் என்று பெருக்கிப் பாருங்கள். உள்ளே போவதற்கும் நாம்தான் போர்ட்டர், வெளியே வருவதற்கும் நாம்தான் போர்ட்டர்.

சரி, வாளி வாளியாக அடித்துக் கொண்டுபோய் வைத்தாயிற்று. குதிரை மூக்கை உள்ளே விடும், ஒரு தடவை உஸ்ஸென்று ஊதும், பிறகு நம்மை ஒரு பார்வை பார்க்கும். குடிக்காது. வீட்டுத் தண்ணீரின் வாசனையும் இந்த இரும்புச்சத்துள்ள கிணற்று நீரின் வாசனையும் வேறு. அதற்கு அவ்வளவுதான் காரணம், ஆனால் விளைவு சின்னதல்ல. தண்ணீர் குறைந்தால் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரும், குதிரைக்கு அது உயிர்போகிற சமாசாரம். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே வீட்டு வாளியில் கொஞ்சம் ஆப்பிள் சாறு விட்டுப் பழக்க வேண்டும். முகாமில் அதே அளவு சாறு விட்டால் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. சாறு கலக்காத ஒரு வாளியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது கட்டுவது. கூத்தெல்லாம் இங்கேதான்.

மரத்தில் நேரடியாகக் கட்டினால் ராத்திரி முழுக்கக் காலால் பறித்து வேரை வெளியே எடுத்துவிடும், பட்டையையும் கடித்து உரித்துவிடும். மரம் செத்துப்போகும். அதனால் இரண்டு மரங்களுக்கு நடுவே, தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதிலிருந்து குதிரையின் தலைக்கயிறைத் தொங்கவிடுவார்கள். மரத்தைச் சுற்றி இரண்டு அங்குல அகல நாடா வேண்டும், வெறும் கயிறு மரப்பட்டையை அறுக்கும். மரத்திலிருந்து ஆறடியாவது தள்ளி முதல் குதிரை, அதிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி அடுத்தது. தலைக்கயிறு தொங்கும்போது அதன் கொக்கி தரைக்கு ஓரடி மேலே நிற்க வேண்டும். அந்த அளவில் குதிரை படுக்கலாம், கீழே கிடக்கும் புல்லையும் தின்னலாம். இன்னும் நீளமானால் கயிறைத் தாண்டிக் காலைப் போட்டுக்கொள்ளும், போட்ட பிறகு பயந்து இழுக்கும்.

சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய கயிறு ராத்திரி பதினொரு மணிக்குத் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். நைலான் கயிறு என்றால் இது நிச்சயம். அதன் குணமே நீளுவதுதான், பனியில் நனைந்தால் இன்னும் தளரும். பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள். அப்படியும் தூங்கப்போகுமுன் ஒரு தடவை இழுத்துக் கட்டுங்கள்.

இனி முடிச்சு. ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டுமென்று உருவு முடிச்சுதான் போடுவோம். நியாயம். ஆனால் அந்த இழுக்கும் நுனி நமக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துவிடுகிறோம். குதிரைக்கு வேலை வெட்டி கிடையாது, மேலுதடு நம் இரண்டு விரல் செய்கிற வேலையைச் செய்யும். முதலில் நுனியை மோந்து பார்க்கும். பிறகு உதட்டால் தள்ளும். பிறகு பல்லில் கவ்வித் தலையை ஒரு வெட்டு வெட்டும். முடிந்தது. அவிழ்ந்தவுடன் காட்டுக்குள் ஓடும் என்று பயப்பட வேண்டாம், நேரே பக்கத்து முகாமின் தீவன மூட்டைக்குத்தான் போகும். உருவிய நுனியை முடிச்சின் வளையத்துக்குள் ஒரு தடவை நுழைத்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. ஆனால் அவசரத்தில் நாம் அவிழ்க்க வேண்டுமானாலும் முதலில் நுனியை வெளியே எடுக்க வேண்டும், அதை மறந்துவிட்டு இழுத்தால் முடிச்சு இறுகும்.

இன்னொரு விஷயம். தொலைந்த குதிரையைக் கண்டுபிடிக்கிறவர் கூப்பிடட்டும் என்று குதிரையின் தலையில் மாட்டும் தலைவாரில் ஒரு தகடு மாட்டி, அதில் பொறுப்பாக வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பவர்கள் உண்டு. வீட்டில் யார் எடுப்பார்? முகாமில் கையில் இருக்கும் செல்பேசி எண்ணும், நிற்கிற இடத்தின் எண்ணும் எழுதுங்கள்.

புல் வலையைக் குறைந்தபட்சம் குதிரையின் நெஞ்சு உயரத்துக்காவது கட்டுங்கள். நிரம்பியிருக்கும்போது அல்ல, காலியாகித் தொங்கும்போது அதன் அடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் லாடத்தின் குதிப்பக்கம் வலையில் மாட்டிக்கொள்ளும்.

கட்டுகிற மரம் எதுவென்று பார்ப்பதும் முக்கியம். வாட்டர்லூ பக்கம் சிவப்பு மேப்பிள் நிறைய. பச்சை இலையைவிட, முறிந்து விழுந்து வாடிய இலைதான் விஷம். முக்கால் கிலோ தின்றாலே குதிரையின் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைய ஆரம்பித்துவிடும். காற்றும் மழையும் அடித்த மறுநாள் காலையில் காபி போடுவதற்கு முன்னால் கீழே விழுந்த கிளைகளைப் பொறுக்குங்கள். காபித்தூளைத்தான் மறந்துவிட்டோமே, நேரம் இருக்கும்.

காகிதம்: குதிரைகளின் தொற்று ரத்தசோகை நோய்க்கான காகின்ஸ் பரிசோதனைச் சான்றிதழ் பெட்டியில் இருக்கட்டும். மாநில எல்லை தாண்டுகிறவர்களிடம் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். விறகு கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு அமெரிக்காவில் முதன்முதலில் இந்தத் தென்கிழக்கு மிச்சிகனில்தான் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது, அது ஊர் ஊராகப் பரவியதில் விறகுக்கட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ராத்திரி ஒரு மணி வாக்கில் ஒரு குதிரை தரையைத் தட்ட ஆரம்பிக்கும். வயிற்றுவலிக்கும் அதே அறிகுறி என்பதால் டார்ச்சும் கையுமாக ஓடுவோம். பதற்றப்படாமல் ஒரு பிடி புல்லை நீட்டுங்கள். கபக்கென்று வாங்கினால் அது வலியல்ல, வாடகைக்காரன் வீட்டு ஓனரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டிருக்கிறது. புல்லை வேண்டாமென்று திரும்பி, விலாவைப் பார்த்துப் பார்த்துப் படுத்துப் புரண்டால் அப்போதே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். கடமுடவென்று சத்தம் வருவது நல்லது, நிசப்தம்தான் கெட்டது.

பகலில் ஒன்றை மட்டும் சவாரிக்குக் கொண்டுபோனால் மற்றது தொண்டை கிழியக் கனைக்கும். முதல் நாள் பால்வாடியில் விட்ட குழந்தை தோற்றுப்போகும். இரண்டையும் சேர்த்தே கொண்டுபோவது முகாமில் நல்ல பெயர் வாங்க உதவும். உதைக்கிற குதிரையென்றால் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள், பின்னால் வருகிறவர்கள் விலகி வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது குதிரைகளை ஏற்றுவதற்கு முன் டிரெய்லரை வண்டியோடு மாட்டிவிடுங்கள். மாட்டாத டிரெய்லரில் பின்பக்கம் குதிரை ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்புப் பந்தின் அளவையும், அதன்மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் கப்ளர் அளவையும் பாருங்கள். 2 அங்குலப் பந்தின்மேல் 2 5/16 அங்குலக் கப்ளர் சமத்தாக உட்காரும், பூட்டியும் கொள்ளும், முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். பூட்டியபின் ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பாருங்கள், வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரி.

வெள்ளிக்கிழமை தானாக ஏறிய குதிரை இப்போது ஏறாது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே புல் வலையைத் தொங்கவிட்டு, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டிக் காத்திருங்கள்.

இடத்தைக் கூட்டி லத்தியை அள்ளிப் போட வேண்டிய இடத்தில் போடுவதைக் குதிரைகள் ஏறியபின் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவர் அவற்றோடு நிற்கட்டும். முதலிலேயே கூட்டினால் இரண்டு தடவை கூட்ட வேண்டியிருக்கும். சுத்தமாக வாரிய தரையைப் பார்த்தால்தான் குதிரைக்கு லத்தி வரும்.