பிப்ரவரி: மேட் ரிவர் க்ளென்

பிப்ரவரி 3, செவ்வாய்

காற்று. மலையேற்றும் ஒற்றை இருக்கை லிஃப்டான சிங்கிள் இன்றும் ஓடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

மான்ஸ்ஃபீல்டு மலையில் 1954 முதல் பனியின் ஆழத்தைக் காட்டிவரும் அளவுகோல் இன்னும் நாற்பது அங்குலத்தைத் தொடவில்லை. அது நாற்பதைத் தாண்டினால்தான் மரங்களுக்கு இடையே புகுந்து சறுக்கலாம் என்பது அமெரிக்க மாநிலமான வெர்மான்ட்டில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எனக்கு மரங்கள் வேண்டாம், மொகல்கள் எனப்படும் பனிமேடுகள் போதும். ஆனால் மேட் ரிவர் க்ளென் சறுக்குமலையில் இரண்டுமே வானத்திலிருந்து விழும் பனியைத்தான் நம்பியிருக்கின்றன. அடிவாரத்தை ஒட்டிய சில இடங்களைத் தவிர அங்கே செயற்கைப் பனி கிடையாது. ஒரு நாளைக்குப் பலமுறை அந்தக் கோலின் எண்ணைப் பார்க்கிறேன். அது நாளுக்கு ஒருமுறை மட்டுமே மாறும் என்பது தெரிந்தும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

புத்தகங்கள் முடிந்தன. சமையலறை பாதி. ஸ்கீக்களையும் காலணிகளையும் கதவோரத்திலேயே விட்டிருக்கிறேன், யாரும் பெட்டிக்குள் போடக் கூடாது.

அக்கா தொலைபேசியில் பேசினாள். வீட்டு ஒப்பந்தம், லாரி, புதிய ஊரின் வாடகை என எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில், "மலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதேடா, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு" என்றாள். நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பொறுமை போய், நேற்றுப் பக்கத்துப் பெரிய மலை ஒன்றுக்குச் சென்றுவந்தேன். நாள் முழுவதும் சறுக்கியும் திருப்தி இல்லை, அதற்கான காரணத்தை எழுதிப் பார்த்தால்தான் மனம் ஆறும்.

பெரிய மலைகளில் மாலையானதும் இயந்திரங்கள் ஏறி, பகலில் ஆயிரக்கணக்கானோர் திரும்பித் திரும்பி உருவாக்கிய மேடுகளை ஒரே இரவில் வழித்தெடுத்து, விடியும்போது வரிவரியான சமதளமாக்கி வைத்துவிடுகின்றன. பெரும்பாலானோர் பணம் கொடுப்பது அந்தச் சமதளத்துக்காகத்தான் என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மொகல் என்பது யாரும் கட்டித்தருவதல்ல. ஒருவர் திரும்பும் இடத்தில் ஸ்கீ சுரண்டிய பனி சிறிது குவிகிறது. அடுத்தவர் அந்தக் குவியலைச் சுற்றித் திரும்புகிறார், அவருக்குப் பின்னால் வருபவருக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது. இரண்டு மூன்று நாள்கள் யாரும் கைவைக்காமல் விட்டாலே சரிவு முழுவதும் மேடுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களுமாக நிறைந்துவிடும்.

இதில் எனக்கு ஒருபோதும் அலுக்காத செய்தி ஒன்று உண்டு. கொலராடோவில் மொகல்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், அவை மலையின் மேல்நோக்கி நகர்கின்றன என்று காட்டினார்கள்: நாளொன்றுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர், ஒரு பருவத்தில் சுமார் 10 மீட்டர். இறங்குபவர் வேகத்தைக் குறைப்பதற்காக மேட்டின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டுகிறார், சுரண்டிய பனி கீழே இருக்கும் அடுத்த மேட்டின் மேற்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு மேடும் கீழ்ப்பக்கத்தில் தேய்ந்து மேற்பக்கத்தில் வளர்வதால், பனியெல்லாம் கீழே போக, மேடுகள் மட்டும் மலையேறுகின்றன. இயந்திரம் ஓடும் இடத்தில் அவற்றுக்கு ஓர் அடி நகரக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. நேற்று அங்கே மொகல்களுக்கென்று ஓரமாக ஒரு பட்டையை ஒதுக்கி, கயிறு கட்டிப் பலகையும் வைத்திருந்தார்கள். உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்த உணர்வுதான் மிஞ்சியது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒன்றுமில்லை. வெயில், கடுங்குளிர், பனி இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்வதுபோல் முழங்காலை மடக்கி நிற்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்கிறேன். இடது கால் கேட்கிறது. வலது கால் சிறிது நேரத்திலேயே நடுங்கத் தொடங்குகிறது. கீழே இறங்கும்போது வலிக்காத மூட்டு, படியேறும்போது ஏன் வலிக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. இயன்முறை மருத்துவர் சொன்ன விளக்கத்தை நான் முழுதாக நம்பவுமில்லை. வீக்கம் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மதியம் இரண்டு மணியிலிருந்து கொட்டுகிறது. தென்கிழக்கிலிருந்து வந்த ஈரம் மலையில் மோதி நின்றுவிட்டது. பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் காற்று கிளம்பவில்லை, அதைப் பற்றி இப்போது நினைக்கப்போவதில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

விடுமுறை நாள், கூட்டம் வரும். அவர்கள் இன்று சறுக்கட்டும். புதுப்பனியை வெட்டி மேடாக்கும் வேலையை எனக்காக அவர்களே முடித்துவைப்பார்கள். நாளைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

போனேன்.

சாலை 17இல் வளைந்து ஏறும்போதே சிங்கிளின் நாற்காலிகள் அசைவது மரங்களுக்கு மேலே தெரிந்தது, அப்போதுதான் மூச்சு சீரானது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நேராக வரிசைக்குச் சென்றேன். பள்ளி விடுமுறை வாரம் என்பதால் வரிசை நீளம்தான். ஆனால் அந்த வரிசையை நான் ஒருபோதும் வெறுத்ததில்லை, ஏனெனில் இந்த மலையின் இரகசியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 1948இல் ரோலண்ட் பால்மெடோ இங்கே நிறுவிய லிஃப்டில் ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான் உட்கார முடியும். 2007இல் அது பழுதுபார்க்க வேண்டிய நிலைக்கு வந்தபோது, இருவர் அமரும் புதிய லிஃப்டைப் போட்டு வரிசையைப் பாதியாக்கியிருக்கலாம். ஆனால் மலையின் உரிமையாளர்களே அதில் சறுக்குகிறவர்கள்தான். 1995இல் அன்றைய உரிமையாளர் பெட்ஸி பிராட்டிடமிருந்து கூட்டுறவாக மலையை வாங்கிய பங்குதாரர்கள், ஒற்றை இருக்கையே இருக்கட்டும் என்று முடிவு செய்து, பழைய கோபுரங்களைச் சுரண்டிச் செப்பனிட்டு அதே இடத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் மேலே போகும் ஆள்கள் குறைவு என்பதால், பெரிய மலைகளில் காலை பத்து மணிக்கே அழிந்துபோகும் பனி இங்கே மாலைவரை தாங்குகிறது. காத்திருப்பு என்பது சரிவில் மிஞ்சும் பனிக்கு நாம் கொடுக்கும் விலை, அவ்வளவுதான். எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது.

லிஃப்டில் தனியாகத்தான் போக வேண்டும். பேச ஆள் இல்லை. காலுக்கு நேர் கீழே லிஃப்ட் லைன் தடமும், அதற்கு மேலே சூட் என்ற தடமும் கிடக்கின்றன, அவற்றில் இறங்குபவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மேலிருந்து பார்த்தே வழியைப் படித்துக்கொண்டேன். கூட்டம் அடித்த நடுவழியில் பள்ளங்கள் தேய்ந்த கருங்கல் படிக்கட்டுபோலப் பளபளத்தன. வலப்புற ஸ்ப்ரூஸ் மரங்களை ஒட்டி மேடுகள் சற்றே கோணலாக இருந்தாலும் அவற்றின் தோளில் சுரண்டிய பனி மிருதுவாகக் குவிந்திருந்தது. அங்கேதான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் கேட்டமவுன்ட் தடத்தில் இறங்கிக் கால்களைப் பழக்கிக்கொண்டேன். முழங்கால் எதுவும் சொல்லவில்லை.

பிறகு சூட். மேலே ஸ்டார்க்ஸ் நெஸ்ட் குடிலுக்கு வெளியே நின்று காலணிப் பிடிகளை இறுக்கினேன். எனக்குப் பின்னால் ஏறிவந்த, பச்சைக் கம்பளித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் நான் எங்கே பார்க்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டு, "மரத்தோரமாகப் போகிறீர்களா? நல்லது. மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு ஒரு பாறை தலைநீட்டுகிறது, அதற்கு இடப்பக்கமாக வாருங்கள்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் எனக்கு முன்பே இறங்கிவிட்டார். இடுப்புக்கு மேலே அவருடைய உடம்பில் எந்த அசைவும் இல்லை. முழங்கால்கள் மட்டும் மார்புவரை ஏறுவதும் நீள்வதுமாக இருந்தன.

அதுதான் எல்லாம், அதுதான் எனக்கு எப்போதும் வராதது. மேட்டின் முகத்தில் ஸ்கீ மோதும்போது கால் மடங்கி அந்த அதிர்ச்சியை விழுங்க வேண்டும், உச்சி கடந்த உடனே காலை நீட்டி, முனையைக் கீழே அழுத்தி, ஸ்கீ காற்றில் தொங்காமல் பள்ளத்தின் சரிவோடு ஒட்டிப் போகச் செய்ய வேண்டும். மடக்குவது பயத்தினாலேயே தானாக வந்துவிடுகிறது. நீட்டுவதுதான் கடினம், ஏனெனில் சரிவை நோக்கி உடம்பைக் கொடுக்காமல் காலை நீட்ட முடியாது. பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் வால் மட்டும் பனியைப் பிடிக்கும், முனை கேட்காது, அடுத்த மேடு நம்மை எறிந்துவிடும். கைகள் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே இருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகவே: கை பின்னால் போனால் தோளும், தோளோடு இடுப்பும் போய்விடும்.

பாறைக்கு இடப்பக்கமாக வந்தேன். அதன் பிறகு சில திருப்பங்களுக்கு யோசனையே இல்லை. கோலை ஊன்றும் சத்தம், ஸ்கீ சுரண்டும் சத்தம், மறுபடி கோல். லிஃப்டில் தலைக்கு மேலே போன யாரோ ஒருவர் கூவினார். எனக்காகவா என் பின்னால் வந்தவருக்காகவா என்று தெரியவில்லை, எனக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

மதியத்துக்குப் பிறகு மேகம் கவிழ்ந்து வெளிச்சம் தட்டையாகிவிட்டது. நிழல் இல்லாதபோது மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும். கால் சொல்லும்வரை கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் கருமை பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் வடிவம் பிடிபடும் என்பதால் ஓரத்தை விட்டு நகரவில்லை. அப்போது நடுவழியில், பத்து வயதுக்கு மேல் இருக்க முடியாத ஒரு சிறுமி, இரண்டு முழங்கால்களும் சேர்ந்தே இருக்க, நேர்ச்சரிவை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் இறங்கிப் போனாள். போட்டிகளில் திருப்பத்துக்கு நூற்றுக்கு அறுபது, தாவலுக்கு இருபது, வேகத்துக்கு இருபது என்று மதிப்பெண் பிரிப்பது எவ்வளவு சரி என்று அவளைப் பார்த்தபோது தோன்றியது. இந்த மாநிலத்தின் நார்விச்சிலிருந்து போன ஹன்னா கியர்னி 2010இல் வான்கூவரில் தங்கம் வென்றபோதும் பேசப்பட்டது அந்தத் திருப்பங்கள்தான். ஆனால் ஒலிம்பிக் தடத்தின் மேடுகளை அளந்து வரிசையாக அமைத்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு மேடும் அதற்கு முன் இறங்கியவர்களின் புத்திக்கும் பயத்துக்கும் ஏற்ப முளைத்தது. ஒன்றுக்கொன்று இடைவெளி ஒத்துவராது, ஒன்று குட்டை, அடுத்தது சுவர். இதில் தாளம் பிடிப்பது போட்டித் தடத்தில் பிடிப்பதைவிடக் கடினம் என்று நான் நினைக்கிறேன், அதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு உண்டு.

பாரடைஸ் தடத்தை எட்டி மட்டும் பார்த்தேன். நுழைவிலேயே இருக்கும் உறைந்த அருவியின் மேல் போதிய பனி விழவில்லை. நீலப் பனிக்கட்டி. திரும்பிவிட்டேன்.

கடைசி முறை லிஃப்ட் லைனில் இறங்கும்போது தொடை எரிந்தது, முழங்கால் அல்ல. இரண்டும் வேறுவேறு வலி என்பதை எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது. பனிக்கட்டிப் பொதி, ஓய்வு. பழைய அட்டைப்பெட்டியின் மேல் காலை நீட்டியபடி சமையலறைப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினேன். எந்த வருத்தமும் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வருத்தம் இருக்கிறது. முழங்காலைப் பற்றியல்ல. நேற்றும் போயிருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

மழை. உச்சியிலும் மழையாம், 3,637 அடியில், பிப்ரவரி மாதத்தில். மேடுகள் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப்போய், இரவில் காற்று திரும்பியதும் அப்படியே இறுகிவிடும். பிறகு அவற்றில் சறுக்குவது சிமெண்டில் விழுந்து எழுவதற்குச் சமம். மார்ச் மாத வெயில் அவற்றின் மேற்பரப்பை மட்டும் இளக்கி, சோளமணி அளவுள்ள துகள்களாக மாற்றும்போதுதான் மறுபடி நன்றாக இருக்கும். பல ஆண்டுகளாக நான் காத்திருந்து சறுக்கியது அந்த மார்ச் மதியங்களில்தான். லாரி 25ஆம் தேதி வருகிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

அளவுகோலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். (காலையில் ஒருமுறை பார்த்தேன்.)

பிப்ரவரி 23, திங்கள்

கீழ்த்தெருவில் இருக்கும் இளைஞன் குறுகலான ஸ்கீக்களை வாங்கிக்கொள்ள வந்தான். அகலமானவற்றை நான் வைத்துக்கொள்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை. விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று நகத்தால் உரசிப் பார்த்தான். காலுக்கு அடியில் மட்டும் கூர்மை இருந்தால் போதும், முனையில் ஒரு சாண் நீளத்துக்கு நானே மழுக்கி வைத்திருக்கிறேன், பள்ளத்துக்குள் திரும்பும்போது முனை குறுக்கே மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் அல்லவா என்றேன். அவன் நம்பவில்லை. ஒருமுறை அப்படியே சூட்டில் போய்ப் பார், பிறகு வேண்டுமானால் தீட்டிக்கொள் என்று சொல்லி, மரத்தோரமாக எங்கே தொடங்க வேண்டும், பாறை எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி அட்டையைக் கிழித்து வரைந்து கொடுத்தேன். மழைக்குப் பிறகு பாறை இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன், நாளை அவனுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.