ப்ளஃப் ஹட்: ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைநாட்டுக்கு ஃபோர் வீல் டிரைவில் போகிறோம் என்றாலே "கிரெய்க்ஸ் ஹட்டா?" என்றுதான் கேட்பார்கள். அழகான மலைக்குடில்தான். ஆனால் அது 1980களின் தொடக்கத்தில் சினிமாவுக்காகப் போட்ட செட். 2006 டிசம்பர் காட்டுத்தீயில் எரிந்து, மறுபடி கட்டியது. விடுமுறை என்றால் கூட்டம் அள்ளும். நாங்கள் போனது ஹௌக்குவா ஆற்றுக்கு மேலே இருக்கும் ப்ளஃப் ஹட் என்ற குடிலுக்கு. அந்தக் கோடையின் தீயில் அதுவும் போய், பிறகு எழுந்ததுதான்.

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை இந்தப் பக்கத்துத் தடங்கள் பலவற்றைக் கேட் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஈர மண்ணில் வண்டிகள் போனால் தடமே பள்ளமாகிவிடும். அதனால் ஏப்ரலில், நண்பர் குடும்பத்தோடு இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். அடிவாரத்து ஊரான மான்ஸ்ஃபீல்டில் டீசலை முழுதாக நிரப்பியாயிற்று. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரில் வண்டி எவ்வளவு குடிக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வானிலையில் ஒரு சிக்கல். ஞாயிறு மதியம் மழை என்று சொல்லியிருந்தார்கள். மேலே போக இரண்டு வழிகள்: வளைந்து வளைந்து போகும் காட்டுச் சாலை ஒன்று, முகட்டின் மேல் நேராக ஏறும் செங்குத்துத் தடம் ஒன்று. நண்பருக்கு, போகும்போது சாலை, வரும்போது முகடு என்று ஆசை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏறும்போது முடியவில்லை என்றால் பின்வாங்கலாம். நனைந்த களிமண்ணில் இறங்கும்போது வண்டி வழுக்க ஆரம்பித்தால் யாரிடம் போய் முறையிடுவது? கடினமான தடத்தைக் காய்ந்திருக்கும்போதே ஏறிவிடுவது என்று முடிவாயிற்று.

ஆற்றோர முகாமிடமான ஷீப்யார்ட் ஃப்ளாட்டில் டயர் காற்றை 36 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து தரையைப் பிடிக்கும்; கல்லில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். வேகத்தை மட்டும் அடக்கி வைக்க வேண்டும்.

முகட்டுத் தடத்தில் மழைநீரைத் திருப்பிவிடக் குறுக்கே மண்மேடுகள் போட்டிருக்கிறார்கள். அவற்றை வேகமாகத் தாண்டினால் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் போன நண்பரின் வண்டி அப்படி ஒரு மேட்டுக்கு முன்னால், தளர்ந்த கற்களில் சக்கரம் சுற்றி நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் பலருக்குக் கை பதறும். ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பப் பார்ப்பார்கள். சரிவுக்குக் குறுக்கே திரும்பிய வண்டி உருண்டுவிடும். "பிரேக்கை விடாதீங்க. லோ ரேஞ்சிலேயே ரிவர்ஸ் போடுங்க. சக்கரம் நேரா இருக்கான்னு பாத்துட்டு மெதுவா விடுங்க" என்று ரேடியோவில் சொன்னேன். நான் ஏற்கெனவே கீழே தள்ளித்தான் நின்றிருந்தேன். ஏற்றத்தில் ஒரு வண்டி மேலே போய்ச் சேரும்வரை அடுத்தது காத்திருப்பதே இதற்காகத்தான். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, நேராகப் பின்னுக்கு இறங்கி வந்தார். பின்சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுற்றவைக்கும் டிஃப் லாக்கைப் போட்டு, இடது ஓரமாக வேறு வழி பிடித்து ஏறினார். அவர் மனைவி மட்டும் இறங்கி நடந்தே மேலே வந்தார். அதுவும் நல்ல முடிவுதான்.

ப்ளஃப் மலையின் உச்சி 1,725 மீட்டர். ஹட் அதற்குச் சற்றுக் கீழே. மான்ஸ்ஃபீல்டைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் என்பதால் ஏழெட்டு டிகிரி குளிர் கூடுதல். ஹட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம் என்று வருபவர்கள் உண்டு. இந்த ஹட்டுகள் ஆபத்தில் மாட்டியவர்கள் ஒதுங்குவதற்கு; டெண்ட் இல்லாமல் வரக்கூடாது. பட்டுப்போன மரக்கிளை எதுவும் மேலே இல்லாத இடமாகப் பார்த்து டெண்ட் போட்டோம். தீயில் வெந்த ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸ் மரங்கள் எலும்பு வெள்ளையாக நிற்கின்றன, அடியில் மட்டும் புதுத் தளிர். பிள்ளைகளுக்கு அதைக் காட்டியதில் பாதி மாலை போனது. ராத்திரிக் குளிரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, குளிர்தான்.

ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததுமே கிளம்பிவிட்டோம். மழை சொன்ன நேரத்துக்கு முன்பே பிடித்துக்கொண்டது. சாலைதான் என்றாலும் மேல்மண் சவர்க்காரமாக வழுக்கியது. லோ ரேஞ்சில் இரண்டாவது கியர், பிரேக்கில் கால் வைக்காமல், எஞ்சின் இழுக்கிற வேகத்திலேயே இறங்கினோம். முகட்டுத் தடம் பிரியும் இடத்தில் நண்பர் ரேடியோவில், "நீங்க சொன்னது சரி" என்றார். அதன் பக்கவாட்டில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஷீப்யார்ட் ஃப்ளாட்டில் மறுபடி காற்றடிக்க அரை மணிக்கு மேல் ஆனது. சின்ன கம்ப்ரெசர் சூடாகி நின்றுவிடும், டயருக்கு டயர் ஆறவிட வேண்டும். அந்த இடைவேளையில் வீல் நட்டுகளைச் சரிபார்த்து, களை விதைகள் ஊருக்கு வராமல் இருக்க அடியில் ஒட்டிய சேற்றையும் சுரண்டிவிட்டோம்.