மணிக்கட்டுக்கு அடியில் ஒரு தோசைக்கல்

மே மாதத்தில் லேப்டாப் சுடுவது அதிசயமில்லை. என்னுடையது சுட்ட இடம்தான் விசித்திரம். காற்று வெளியேறும் பின்பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டச்பேடுக்கு இடதுபுறம், மணிக்கட்டு வைக்கிற இடம் மட்டும் தோசைக்கல். எதையும் திறக்காமல் சும்மா வைத்திருந்தாலும் அப்படியே.

கடையில் கொடுத்தேன். தூசு தட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் பூசி, 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஃபேன் சத்தம் குறைந்தது உண்மை. மணிக்கட்டுச் சூடு குறையவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று உபுண்டு லினக்ஸில், உள்ளே இருக்கும் வெப்பமானிகளைப் படித்துக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் என்ற நிரலை நிறுவி டெர்மினலில் ஓடவிட்டேன். பிராசஸர் 48 டிகிரி. அதற்குக் கீழே வைஃபை கார்டுக்கென்று தனியாக ஒரு வரி: 71. அதற்குள் வெப்பமானி இருப்பதே அன்றுதான் தெரியும். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்தக் கார்டு. என்னுடையதில் அதன்மேல் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) கிடையாது, ஃபேன் காற்றும் அந்தப் பக்கம் எட்டாது. வைஃபையை அணைத்துவிட்டு டீ போடப் போனேன். அணைத்தால் அந்த வரியில் எண் வராது. ஆனால் திரும்பி வந்து கை வைத்தபோது சூடு இறங்கியிருந்தது.

ஆள் அகப்பட்டாயிற்று. ஏன் இப்படிக் கொதிக்கிறது? இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் வைஃபை பவர்சேவ் மதிப்பு 2 என்று இருந்தது. உபுண்டு தருவது 3. இதில் 3 என்றால் மின்சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. யார் யோசித்த எண்களோ! எப்போதோ இணைப்பு திக்கியபோது 2 ஆக்கியது நானேதான். மாற்றியதையே மறந்துவிட்டேன். அன்றிலிருந்து பாவம், கார்டு கண்ணை மூடவே இல்லை. 3 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கினேன். அரை மணி நேரத்தில் 63.

இன்னும் இறங்கும் என்று தோன்றியது. அனுப்பும் சக்தியைக் குறைத்துப் பார்த்தேன், இணைப்பே அறுந்தது. அப்போதுதான் சிக்னலைப் பார்த்தேன்: மைனஸ் 78 டிபிஎம். பூஜ்ஜியத்திலிருந்து விலக விலக சிக்னல் மெலிவு. ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால். நடுவே இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. சிக்னல் மெலிந்தால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தொலைந்த தரவுத் துண்டுகளை (பாக்கெட்டுகளை) திரும்பத் திரும்ப அனுப்பும். அதே கோப்பை ஏற்ற அதிக நேரம் அலைபரப்ப வேண்டியிருக்கும். அலைபரப்பும்போதுதான் அதற்குச் சூடு அதிகம். எனக்கோ பின்னணியில் போட்டோ பேக்கப் ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தது.

பேக்கப்பை இரவுக்குத் தள்ளினேன். ரவுட்டரை அறை வாசல் பக்கம் ஷெல்ஃபின் மேல் ஏற்றினேன். வயர் தொங்குவதைப் பார்த்து அம்மா இன்றும் முணுமுணுக்கிறார். சிக்னல் மைனஸ் 56, கார்டு 51 டிகிரி.

மின்சேமிப்பு இருப்பதால் அலுவலக சர்வரில் தட்டுகிற எழுத்து சிலசமயம் தயங்கித் தயங்கித் திரையில் விழுகிறது. முன்பு 2 போட்டதே இந்த எரிச்சலில்தான். இப்போது அந்த வேலைக்கு லேன் கேபிளைச் செருகிக்கொள்கிறேன்.