எழுபது வளைவும் ஒரு ரேடியேட்டரும்

போன வருடம் சித்திரையில், எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தோம். நாற்பது வளைவுகளைத் தாண்டியிருப்போம், அதுவரை சிவப்புக் கோட்டை ஒட்டி நின்ற டெம்பரேச்சர் முள் சடாரென்று கீழே இறங்கியது. "சூடு இறங்கிடுச்சுப்பா" என்று பக்கத்தில் இருந்த அப்பாவிடம் சொல்லிவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அடுத்த வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் பானெட் இடுக்குகளில் எல்லாம் ஆவி.

சூடு இறங்கவில்லை, தண்ணீர்தான் தீர்ந்துபோயிருந்தது. மீட்டருக்குச் சேதி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றி, அது வெறும் ஆவியில் நின்றால் முள் பொய்யாக இறங்கும். ஏற்றத்தில் முள் திடீரென்று விழுந்தால் உடனே ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இருந்து சூடு மட்டும் ஏறினால் அணைக்கக் கூடாது. நிழலில் நிறுத்தி, ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை, சற்றே உயர்த்தி ஓடவிட வேண்டும். இரண்டும் வேறு வேறு நிலைமை. அன்று எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். மேலிருந்து இறங்கிவந்த பஸ்ஸை நிறுத்தி, டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "மூடியத் தொட்றாதீங்க சாமி, மூஞ்சி வெந்துரும்!" முகம் தெரியாத அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். முக்கால் மணி நேரம் காத்திருந்து, கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரைச் சாய்த்தால் என்ஜினின் மேல்பாகமான ஹெட் வெடித்துவிடும். மெதுவாகத் தண்ணீர் ஊற்றியும், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் தப்பவில்லை.

வண்டி 1994-ஆம் வருட மஹிந்திரா எம்எம் 540. அப்பா தோட்ட வேலைக்கு என்று வாங்கியது. உள்ளே இருப்பது 2112 சிசி பெஜோ டீசல் என்ஜின். பிரான்ஸ் பெஜோவிடம் உரிமம் பெற்று மஹிந்திரா இங்கேயே தயாரித்தது. நான்கு கியர், எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. "பழைய ஜீப்புன்னா மலைல கொதிக்கத்தான் செய்யும்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாக இருந்தபோது இதே வண்டி இதே மலையை ஏறியிருக்கிறது. ஓட்டியவர் அப்பா, பின்சீட்டில் நான். ஒருநாளும் கொதித்ததில்லை. அன்று சரியாக இருந்தது இன்று இல்லை என்றால், நடுவில் எதையோ நாம் கெடுத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

நாமக்கல்லில் இருப்பதன் பெரிய வசதி, இது லாரிகளின் ஊர். ரேடியேட்டர் பட்டறைக்கு அலைய வேண்டியதில்லை. கேஸ்கட் வேலை முடிந்த கையோடு, நாற்பது வருடமாக ரேடியேட்டர் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றச் சொன்னார். என்னிடம் இருந்த லேசர் தெர்மாமீட்டரை வாங்கி, ரேடியேட்டர் முகத்தில் இடமிருந்து வலமாகப் பிடித்துக்கொண்டே போனார். நடுவில் 86 டிகிரி, வலது ஓரத்தில் 51. "இந்தப் பக்கம் தண்ணியே போகலீங்க தம்பி. ரேடியேட்டர்ல பாதிதான் வேலை செய்யுது" என்றார்.

பிறகு ஈயத்தை உருக்கி மேல் டேங்கைக் கழற்றிக் காட்டினார். கோழி முட்டை ஓட்டை அரைத்துப் பூசியதுபோல் ட்யூப் வாய்களில் எல்லாம் வெள்ளைக் காரை. எங்கள் தோட்டத்து போர் தண்ணீரைத்தான் வருடக்கணக்காக ஊற்றிவந்தோம். அதே தண்ணீர் வீட்டு ஹீட்டர் காயிலில் என்ன செய்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம், ரேடியேட்டருக்குள்ளும் அதுதான் நடக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பெரியவர் தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு ட்யூபிலும் மேலிருந்து கீழ்வரை விட்டு எடுத்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் கம்பி நுனியில் ஒட்டிவந்த வெள்ளைப் பொடியைத் தரையில் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். முழு மதியமும் அதற்கே ஆனது. பிறகு டேங்கைப் பற்றவைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்பதால் இதெல்லாம் முடிகிறது. பிளாஸ்டிக் டேங்க் வைத்த புதுக் காலத்து ரேடியேட்டரை இப்படிப் பிரித்து மாட்ட முடியாது.

உள்ளே தண்ணீர் ஓடுவது ஒரு பாதி, வெளியே காற்று ஓடுவது மறு பாதி. ட்யூப்களை ஒட்டியிருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு இடையே சேறும் செத்த பூச்சிகளும் அப்பியிருந்தன. என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் அடித்தால் ஃபின் மடங்கிவிடும், தோட்டத்து ஹோஸ் வேகமே போதும். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூண்டு எப்போதோ கழற்றப்பட்டுப் பட்டறையில் கிடந்தது. அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், ஓரத்தில் வரும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். திரும்ப மாட்டினேன். முன்னால் அழகுக்கு மாட்டியிருந்த இரண்டு பெரிய லைட்டுகளைக் கழற்றினேன், அவையும் காற்றை மறைத்துக்கொண்டுதான் இருந்தன. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொளப்பு இருந்தால் ஃபேனும் வாட்டர் பம்பும் சேர்ந்தே வழுக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. முன்பு வண்டி பார்த்த ஒரு மெக்கானிக், "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார். இதைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன், எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் என்ஜின் சமவெளியில் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடித் தேயும். பைபாஸ் வழியை அடைக்கும் வகை தெர்மோஸ்டாட் என்றால் பாதிப்பு இன்னும் அதிகம். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினையே சுற்றிவரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும். 82 டிகிரி என்று பொறித்த புதியதை வாங்கி, அம்மாவின் பழைய ஈயப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். 80 வரை அசைவில்லை. 83-இல் வால்வு மெல்ல வாயைத் திறந்தது. அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மூடியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, அழுத்தம் காக்கும் வால்வு. ஒவ்வொரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொல்லிமலை மேலே 1200 மீட்டரில் சுமார் 96-லேயே கொதித்துவிடும். ஸ்பிரிங் செத்த மூடியோடு மலை ஏறினால், ஏற ஏறத் தண்ணீரின் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். எங்கள் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதே அளவு குறித்த புதியதைப் போட்டேன். கூடுதல் அழுத்தத்துக்கு ஆசைப்பட்டால் பழைய பற்றவைப்பு விட்டுவிடும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து நிரப்பினேன். போர் தண்ணீர் இனிக் கிடையாது.

இந்த வருடமும் சித்திரைதான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்தோம். புதிதாக மாட்டிய டிஜிட்டல் மீட்டர் 84 காட்டியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போன தடவை நான் செய்த இன்னொரு தப்பு கியர். என்ஜினைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்து மூன்றாவது கியரிலேயே இழுத்தேன். என்ஜினுக்கு அதுதான் சிரமம். ஆர்பிஎம் குறைந்தால் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் பம்பும் மெதுவாகும், டீசலோ அதிகம் எரியும். சைலன்சரில் கரும்புகை வந்தால் கியரைக் குறைக்க வேண்டும். இம்முறை இரண்டாவது கியர், வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். சிலர் நான்கு சக்கரமும் மெதுவாக இழுக்கும் ஃபோர்-வீல் லோவில் போட்டு ஏறச் சொல்வார்கள். காய்ந்த தார் ரோட்டில், அதுவும் கொண்டை ஊசி வளைவில், இந்த மாதிரி ஜீப்பில் அதைச் செய்யாதீர்கள். முன்பின் சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அது மண் பாதைக்கு உரியது.

இருபதாவது வளைவில் 88. முப்பத்தைந்தில் 90. பிறகு ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அதன் புகையும் சூடும் நேராக எங்கள் ரேடியேட்டருக்கு வர, 94 வரை ஏறியது. "முந்த வேண்டாம் கண்ணு, நிறுத்து" என்றார் அப்பா. அகலமான ஓர் இடத்தில் ஒதுங்கி, என்ஜினை அணைக்காமல் நின்றோம். கீழே வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நான்கு நிமிடத்தில் 87. போன வருடம் ஆவி பறந்த வளைவைக் கடந்தபோது இருவரும் பேசவில்லை. எழுபதாவது வளைவைத் திரும்பியதும் அப்பா மீட்டரைத் தட்டிக் காட்டினார். 91.

சோளக்காட்டில் பலாச்சுளையும் மலை வாழைப்பழமும் வாங்கினோம். அறப்பளீஸ்வரரைத் தரிசித்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி என்பதால் அப்பா மேலேயே உட்கார்ந்துகொண்டார். இரவு செம்மேட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். கூலன்ட் கழுத்துவரை பச்சையாக நின்றது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்றே நினைத்தேன். ஆயில் மூடிக்கு அடியிலும், ஆயிலில் தண்ணீர் கலந்தால் படியும் பாலேடு மாதிரி எதுவும் இல்லை, கேஸ்கட் நலம். அப்பா டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தவர், "இங்க பாரு" என்றார். வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைக்குக் கீழே, நகக்கண் அளவுக்குப் பச்சைக் கறை. பம்ப் சீல் தேய ஆரம்பித்ததற்கு அறிகுறி. வெறும் தண்ணீராக இருந்திருந்தால் காய்ந்து தடமே தெரிந்திருக்காது. இறக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. நிறம் தெரியும்படி வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு இறங்கினோம். காரவள்ளியில் மறுபடி பார்த்தபோது அதே இடத்தில் ஒரு சொட்டு பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பம்புக்குச் சொல்லியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வருகிறது.