பெருவிரல் வலியும் விடிகாலை நடையும்

யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகச் சேர்ந்து வீங்கி வலிக்கும் கவுட் நோய் ஆண்களுக்கு மட்டும்தான் வரும் என்று எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பலர் நம்புகிறார்கள். ஆனால் பெண்களுக்கும் வரும்: மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைய, யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதும் குறைகிறது. எனக்கு வந்தது வலது கால் பெருவிரலில்.

நடையை நான் விடவில்லை. விடிகாலையில் மரைன் டிரைவில், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடப்பேன். கொழும்பு வெக்கையில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் வலி கிளம்பலாம், அதனால் கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும்.

மூட்டு சிவந்து சுடத் தொடங்கினால் நடை அன்றோடு நிற்கும். காலைத் தலையணை மேல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைப்பேன். அக்கா பாசத்தோடு எண்ணெய்ப் போத்தலோடு வந்தாலும் உருவ விடமாட்டேன். போர்வை பட்டாலே உயிர் போகும் இடம் அது. வீக்கத்தையும் வலியையும் தணிக்க டாக்டர் எழுதித் தந்த கொல்சிசின் குளிசையை, சொன்ன அளவில், உடனே போடுவேன். அலோபியூரினோலை வலி நாளிலும் நிறுத்துவதில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலீட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த மருந்து.

வீக்கம் வற்றியதும் கட்டிலில் இருந்தபடி கணுக்காலை மெல்லச் சுழற்றுவேன். பிறகு வீட்டுக்குள் நடை, அப்புறம்தான் கடற்கரை வீதி. அதுவும் முன்பக்கம் அகலமான சப்பாத்தோடு மட்டும்.